நின்றவூர்ப் பூசலாரும் நம் நாட்கணக்கும்

திருச்சிற்றம்பலம்.



இன்று ஐப்பசித் திங்கள் அனுட நன்னாள். திருத்தொண்டர் அறுபத்து மூவருள் ஒருவராகிய பூசலார் நாயனார் சிவபெருமான் திருவடி நீழலை அடைந்த குருபூசைத் திருநாள். அவர் வரலாற்றைச் சிந்திப்பதற்கு இவ்வூரினும் பொருத்தமான இடம் எளிதிற் கிடையாது. இங்கிருந்து வடக்கு நோக்கிச் சில கல் சென்றால் அவர் தோன்றிய திருநின்றவூர். தென்கிழக்கே சென்றால் அவர் வரலாற்றைப் பாடியருளிய தெய்வச் சேக்கிழார் பிறந்த குன்றத்தூர். கிழக்கே சென்றால் மூர்க்க நாயனார் அவதரித்த திருவேற்காடு. அடியாரும் அடியாரைப் பாடிய புலவரும் அண்டை வீட்டார்போல் அமைந்த தொண்டை நாட்டு மண் இது. இம்மண்ணில் நின்றுகொண்டு பூசலாரைப் பற்றிப் பேசுவது, ஒருவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அவ்வீட்டுப் பெரியவரைப் பற்றிப் பேசுவது போன்றதாகும்.

அன்பர்களே! நம்மில் ஒவ்வொருவருக்கும் ஒரு குறிக்கோள் உண்டு. மகளின் திருமணத்திற்கு வாங்கிய கடனை மூன்றாண்டில் அடைத்துவிட வேண்டும் என்று ஒருவர் எண்ணியிருப்பார். குடிப்பழக்கத்தை இவ்வாண்டோடு விட்டொழிப்பதென்று மற்றொருவர் முருகன் முன்னிலையிற் கற்பூரம் அணைத்துச் சொல்லியிருப்பார். திருமழிசைத் தொழிற்பேட்டையிற் பணிபுரியும் இளைஞர் ஒருவர், மேற்கொண்டு படித்துத் தேர்வெழுத வேண்டுமென்று நூல்கள் வாங்கி அடுக்கியிருப்பார். நாள்தோறும் ஒரு திருப்பதிகம் ஓதுவதென்று சென்ற குருபூசையன்று உறுதி கொண்ட தாய்மார்களும் இப்பந்தரிலேயே இருக்கலாம். எண்ணுவது எளிது. எண்ணியது இன்று எந்த நிலையில் நிற்கிறது என்று பார்ப்பதுதான் அரிது. ஏன் அரிது? பார்த்தால் வெட்கம் வரும் என்று அஞ்சுகிறோம், அஞ்சுவதனாலேயே பாராதிருக்கிறோம், பாராதிருப்பதனாலேயே நின்ற இடத்தில் நிற்கிறோம்.

ஊர்ப் பொதுக்காரியத்தில் இவ்வாறு இருந்துவிட முடிவதில்லை. தமிழகத்துக் கிராம ஊராட்சிகளில் முன்னர் ஆண்டுக்கு நான்கு நாட்கள் கூடிய கிராமசபை, 2022 முதல் ஆறு நாட்கள் கூடுகிறது. வந்த தொகை எவ்வளவு, செய்த பணி யாது, செய்யாது விட்டது யாது என்று அங்கே கேட்க ஊராருக்கு உரிமை உண்டு. இதனைக் குத்தம்பாக்கத்தார்க்கு யாம் சொல்ல வேண்டுவதில்லை. இவ்வூரிற் பிறந்து, வேதிப் பொறியியல் பயின்று, அரசின் ஆராய்ச்சிக் கூடத்திற் பணியாற்றிய திரு. இளங்கோ அப்பணியைத் துறந்து வந்து, 1996இல் இவ்வூராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அவர் காலத்தில் கிராமசபையில் ஊரார் கூடித் தங்கள் ஊருக்கு வேண்டுவனவற்றைத் தாமே எண்ணித் திட்டமிட்டதும், வேறுபட்ட சாதியார் ஒரே சுவரைப் பொதுவாகக் கொண்டு வாழும் இரட்டை வீடுகள் சமத்துவபுரத்தில் எழுந்ததும் நாடறிந்த செய்தி. ஊர் தன் கணக்கைத் தானே பார்க்கக் கற்றால் என்ன விளையும் என்பதற்கு அது சான்று. ஆனால், ஊர்க் கணக்கைக் கேட்க ஊர் இருக்கிறது; நம் உள்ளத்தின் கணக்கைக் கேட்க யார் இருக்கிறார்? இந்த வினாவுக்கு விடையாகத்தான் பூசலார் நாயனார் வரலாறு அமைந்திருக்கிறது.

திருநின்றவூரில் அந்தணர் குலத்திற் பிறந்த பூசலார், இறைவனுக்கு ஒரு திருக்கோயில் எடுக்க வேண்டுமென்று விழைந்தார். அதற்கு வேண்டும் பொருளைத் தேடி அலைந்தார்; எங்கும் கிடைக்கவில்லை. ‘என் செய்வேன்!’ என்று வருந்தினார். வருந்திய பின் என்ன செய்தார் என்பதைக் கூர்ந்து நோக்குங்கள். கோயில் எடுக்கும் எண்ணத்தை அவர் விடவில்லை. புறத்தே கிடைக்காத பொருளை அகத்தே தேடத் தொடங்கினார். சிறிது சிறிதாக மனத்தினாலே பொருள் சேர்த்தார். கருவிகளையும் தச்சரையும் மனத்தினாலே தேடிக்கொண்டார். நல்ல நாள் பார்த்துக் கடைகால் அமைத்தார். இரவிலும் கண் துயிலாது பணி நடத்தினார்.

சேக்கிழார் பெருமான் இவ்விடத்தில் ஒரு நுட்பம் வைத்திருக்கிறார். ‘மனத்திற் கோயில் கட்டினார்’ என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டு அவர் அப்பாற் செல்லவில்லை. அடியில் உபானம் தொடங்கி வரிசை வரிசையாக மேலே ஏற்றியதையும், சிகரம் முடித்துத் தூபி நட்டதையும், சுதை வேலை செய்ததையும், கிணறு தோண்டி மதில் எடுத்துத் திருக்குளமும் அமைத்ததையும் முறை பிறழாமற் சொல்லுகிறார். கோயிற்கலை வல்லார் விமானத்திற்கு ஆறு உறுப்புக்கள் சொல்லுவர். அதிட்டானம், கால், பிரத்தரம், கிரீவம், சிகரம், தூபி என்பன அவை. கீழுள்ளது முடியாமல் மேலுள்ளது எழாது. கல்லாற் கட்டும் கோயிலுக்கு இந்நியதி தவிர்க்க முடியாதது. கீழே கல் இல்லாவிட்டால் மேலே வைத்த கல் விழுந்துவிடும். மனத்தாற் கட்டும் கோயிலுக்கு அத்தகைய கட்டாயம் ஏது? நினைத்த மாத்திரத்தில் அடித்தளமின்றியே பொற்சிகரம் எழுப்பலாம். ஒருநாட் பொழுதில் ஆயிரங்கால் மண்டபமும் கட்டி முடிக்கலாம். ‘ஏன் இவ்வாறு செய்தாய்?’ என்று கேட்பாரும் இல்லை.

பூசலார் அவ்வாறு செய்யவில்லை. இன்று எந்த வரிசை முடிந்தது, நாளை எந்த வரிசை தொடங்குவது என்று அவர் உள்ளத்திற்கு அவரே கணக்கராகவும் கண்காணிப்பாளராகவும் இருந்தார். யாரும் காணாத இடத்தில் ஒரு வரிசையையும் தாண்டாமல் கட்டிய நேர்மைதான் அவர் தவம். நாமோ உடற்பயிற்சி செய்வதென்று உறுதி கொண்ட முதல்நாளே, உடல் வலுவடைந்துவிட்டதாக மனத்தில் மாளிகை கட்டிக் களிக்கிறோம். மனத்திற் கட்டுவது நமக்குப் பகற்கனவு. அவருக்கோ அது பணி. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நாட்கணக்கு ஒன்றே.

எமக்குத் தேவாரப் பாடம் சொன்ன ஆசிரியர் இம்முறையையே கைக்கொண்டிருந்தார். விடியற்காலையில் மாணாக்கர் சென்று அமர்ந்தவுடன் புதிய பதிகம் தொடங்கமாட்டார். முந்தைய நாட் பதிகத்தை ஒவ்வொருவரும் ஓத வேண்டும். ஓரிடத்தில் நின்றுவிட்டால், ‘பழையது நிற்கவில்லை, புதியது எங்கே நிற்கும்?’ என்று கேட்டு அன்றைக்குப் புதுப்பாடத்தை நிறுத்திவிடுவார். அக்காலத்தில் அது எமக்குப் பெரிய தண்டனையாகத் தோன்றியது. அவர் செய்தது தண்டனையன்று, கீழ் வரிசையைத் தட்டிப் பார்த்ததே என்று பூசலார் வரலாற்றைப் பயின்றபோதுதான் விளங்கியது.

இனி, இரண்டாவது கருத்துக்கு வருவோம். தம் முயற்சியை ஆராய்ந்து பார்த்த பூசலாருக்குப் பொருள் இல்லை என்னும் உண்மை புலப்பட்டது. அவ்வுண்மையைக் கண்டபின் அவர் மாற்றிக்கொண்டது வழியை, குறிக்கோளையன்று. இது மிகப் பெரிய பாடம். நம்மிற் பலர் தம் நிலையை ஆராய்ந்து பார்த்துக் குறை கண்டவுடன் குறிக்கோளையே கைவிட்டுவிடுகிறோம். வேறு சிலர் வழி பயன்படவில்லை என்று கண்கூடாகத் தெரிந்தும் அவ்வழியையே பற்றிக்கொண்டு அழிகிறோம். இரண்டும் ஆராய்ச்சியின் பயன் அல்ல.

திருவொற்றியூர்க் கலிய நாயனாரை நினைவு கூருங்கள். திருக்கோயிலில் இரவும் பகலும் விளக்கெரிப்பது அவர் திருத்தொண்டு. செல்வம் இருந்தவரை தம் செல்வத்தால் எரித்தார். அது தீர்ந்தபின் பிறரிடம் எண்ணெய் வாங்கி விற்றுக் கிடைத்த கூலியால் எரித்தார். அதுவும் இல்லாதபோது செக்காடிப் பெற்ற கூலியால் எரித்தார். செல்வர் வணிகக் கூலியானார். வணிகக் கூலி செக்காடும் கூலியானார். உலகக் கண்ணுக்கு ஒவ்வொரு படியாக அவர் கீழே இறங்குகிறார். விளக்கோ ஒரு நாளும் அணையவில்லை. அவர் முன்னேறினாரா, பின்னடைந்தாரா? ‘என் நிலை என்ன?’ என்று கேட்பவனுக்கு ஒரு விடை; ‘என் விளக்கின் நிலை என்ன?’ என்று கேட்பவனுக்கு மற்றொரு விடை. கணக்குப் பார்க்க அமருமுன், எதற்குக் கணக்குப் பார்க்கிறோம் என்பதைத் தெளிந்துகொள்ள வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். வழியை மாற்றலாம் என்றால், சொன்ன சொல்லையும் மாற்றலாம் என்று பொருளன்று. காஞ்சியில் அடியாருடைய ஆடைகளை வெளுத்துக் கொடுத்த திருக்குறிப்புத் தொண்டர், முதியவர் ஒருவருடைய கந்தையைப் பொழுது சாயுமுன் உலர்த்தித் தருவதாக வாக்களித்தார். மழை விடாது பெய்தது, பொழுதும் போயிற்று. ‘நாளைக்குத் தருகிறேன்’ என்று அவரால் எளிதாகச் சொல்லியிருக்க முடியும். குளிரால் நடுங்கும் முதியவர்க்கு நாளை என்பது பயனற்ற சொல் என்பதை உணர்ந்தமையால், துணி துவைக்கும் பாறையில் தம் தலையையே மோதினார்; இறைவன் திருக்கை தோன்றித் தடுத்தது. நமக்காக நாம் வகுத்த நாளை நாம் மாற்றிக்கொள்ளலாம். பிறருடைய துன்பத்தோடு பிணைந்த நாளை மாற்றிக்கொள்ளும் உரிமை நமக்கு இல்லை.

நாளை மாற்றிக்கொண்ட பேரரசன் ஒருவனும் பூசலார் வரலாற்றிலேயே இருக்கிறான். காஞ்சியில் கற்றளி எடுத்த காடவர் கோமான் அவன். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலைக் கட்டிய இராசசிம்ம பல்லவனே அவன் என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். அசரீரி வாக்கினைக் கேட்டவன் என்று அக்கோயிற் கல்வெட்டு அம்மன்னனைப் போற்றுகிறது. பெரும்பொருள் செலவிட்டுக் கட்டி முடித்துக் குடமுழுக்கிற்கு நாளும் குறித்துவிட்டான். முந்தைய இரவு இறைவன் கனவில் தோன்றி, ‘நாளை நாம் நின்றவூர்ப் பூசல் கட்டிய கோயிலிற் புகுகின்றோம், உன் செயலை வேறு நாளிற் கொள்வாயாக’ என்னும் கருத்துப்பட அருளினார். மன்னன் நின்றவூருக்குச் சென்று, ‘பூசலார் கட்டிய கோயில் எங்கே?’ என்று கேட்டான். அப்படி ஒரு கோயில் இங்கே இல்லை என்றனர் ஊரார். மன்னன் பூசலாரையே கண்டு கேட்டான். அவர் அஞ்சி வியந்து, மனத்திற் கட்டிய செய்தியைச் சொன்னார். மணிமுடி மன்னன் அவர் அடியில் வீழ்ந்து வணங்கி மீண்டான். திருநின்றவூரில் இருதயாலீசுவரர் திருக்கோயில் இன்று விளங்குகிறது. கருவறையிலேயே பூசலார் திருவுருவமும் இருப்பதைச் சென்று வழிபட்டவர்கள் அறிவார்கள்.

ஊராருக்குத் தெரியாத கோயிலின் நாட்கணக்கு இறைவனுக்குத் தெரிந்திருந்தது. ‘உள்ளத்தின் கணக்கைக் கேட்க யார் இருக்கிறார்?’ என்று முன்னர்க் கேட்டோமன்றோ? விடை இதுவே. அவன் இருக்கிறான். நம் ஏட்டில் எழுதாதனவும் அவன் ஏட்டில் உண்டு.

இவ்விடத்தில் எம் பிழை ஒன்றினை மறையாது சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். சொற்பொழிவுப் பணியில் இறங்கிய நாள் தொட்டு யாம் ஒரு குறிப்பேடு வைத்து வருகிறோம். நாள், ஊர், பொருள், கூட்டம் என்று அதில் நான்கு பத்திகள். ஆயிரம் மேடைகளில் பெரிய புராணம் சொல்லிவிட வேண்டும் என்பது எம் குறிக்கோள். ஆண்டு முடிவில் கூட்டிப் பார்த்து மகிழ்வோம். எண்ணிக்கை ஆயிரத்தை எட்டிய ஆண்டில், முதல் ஏட்டிலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினோம். ஓரிடத்தில் கண் நின்றுவிட்டது. ‘திருக்குறிப்புத் தொண்டர், கூட்டம் நன்று’ என்று அங்கே எழுதியிருந்தோம்.

அந்த நாளை எம்மால் மறக்க இயலாது. எம் அன்னையார் நோயுற்றுப் படுத்திருந்தார்கள். யாம் புறப்படும்போது, ‘இன்றைக்குப் போகத்தான் வேண்டுமா?’ என்று கேட்டார்கள். ‘வாக்குக் கொடுத்துவிட்டோம், அம்மா’ என்று சொல்லிச் சென்றோம். இரவு மீண்டபோது அவர்களுக்குப் பேச்சு நின்றுபோயிருந்தது. ஐந்தாம் நாள் இறைவனடி சேர்ந்தார்கள். அவர்கள் எம்மிடம் சொன்ன கடைசிச் சொல் அந்த வினாவேயாகும்.

சென்றது குற்றம் என்று இன்றும் துணிந்து சொல்லமாட்டோம். கொடுத்த வாக்கு அது. ஆயினும், குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தில் அன்னையாரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அடுத்த பக்கத்திலும் இல்லை. பதினாறு நாள் இடைவெளி மட்டும் இருக்கிறது. அதன்பின் மீண்டும் ஓர் ஊர், ஒரு பொருள், ‘கூட்டம் நன்று’. முதியவர் ஒருவரின் குளிரைத் தம் குளிராக உணர்ந்த நாயனாரைப் பற்றி அன்று ஒன்றரை மணி நேரம் பேசியிருக்கிறோம். பேசியவன் வீட்டுக் கட்டிலில் கிடந்த முதியவளுக்கு அவன் ஏட்டில் ஒரு பத்தி இல்லை. அளவுகோலில் இல்லாத ஒன்று, நாளடைவில் கண்ணிலும் இல்லாமற் போய்விடுகிறது. அன்று தொட்டு அக்குறிப்பேட்டில் ஐந்தாவதாக ஒரு பத்தி வகுத்துக்கொண்டோம். ‘யாருக்கு என்ன கடன் நின்றது?’ என்பது அதன் தலைப்பு. அப்பத்தி வெறுமையாக இருக்கும் நாட்கள் மிகச் சிலவே.

ஆகவே அன்பர்களே, எண்ணத்தக்கவற்றை எண்ணுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. எண்ணும்போது, எண்ணில் அடங்காதது எது விடுபட்டது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அடைத்த கடனை எழுதும்போது, அதற்காக இரட்டை வேலை பார்த்த மனைவியின் உடல்நலத்தையும் ஒரு வரி எழுதுங்கள். பிள்ளையின் மதிப்பெண்ணைக் கேட்கும்போது, அவன் முகத்தில் சிரிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நம் சித்தாந்த சாத்திரங்களும் உயிரின் முன்னேற்றத்தைப் படிகளாக வகுத்துக் காட்டுகின்றன. தத்துவ ரூபம், தத்துவ தரிசனம், தத்துவ சுத்தி, ஆன்ம ரூபம், ஆன்ம தரிசனம், ஆன்ம சுத்தி, சிவ ரூபம், சிவ தரிசனம், சிவ யோகம், சிவ போகம் என்னும் பத்தினையும் தசகாரியம் என்பர். இப்படிகளில் நாம் எதில் நிற்கிறோம் என்று இப்பந்தரில் அமர்ந்து தீர்மானிக்க முற்பட வேண்டாம். அதனைக் குருவே அறிவார். நாம் நம்மிடத்தில் காணத்தக்க அடையாளம் ஒன்றினை மட்டும் சாத்திரம் எளிதாகத் தருகிறது. இருவினை யொப்பு என்பது அது. நல்லது வந்தபோதும் தீயது வந்தபோதும் உள்ளம் ஒரு தன்மையாக நிற்றல். சென்ற ஆண்டு ஒருவர் ஏசியபோது எத்தனை நாள் உறக்கம் கெட்டது? இவ்வாண்டு எத்தனை நாள்? மூன்று நாள் ஒரு நாளாகக் குறைந்திருந்தால், ஒரு வரிசைக் கல் ஏறியிருக்கிறது என்று கொள்ளலாம்.

திருவருள் பதியும் வேகமும் எல்லார்க்கும் ஒன்றாக இருப்பதில்லை. சத்திநிபாதம் மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என நால்வகைப்படும். வாழைத்தண்டில் தீப் பற்றுவது ஒருவகை. பச்சை விறகில் பற்றுவது ஒருவகை. உலர்ந்த விறகில் ஒருவகை. கரியில் ஒருவகை என்று ஆசிரியர்கள் உவமை கூறுவர். பச்சை விறகு புகைகிறதே என்று அடுப்பை விட்டு எழுந்து செல்பவளுக்குச் சோறு கிடைக்காது. பக்கத்து வீட்டு அடுப்பு கொழுந்துவிட்டு எரிவதைக் கண்டு பெருமூச்செறிவதாலும் பயன் இல்லை. நம் விறகு எது என்று அறிந்து, நம் அடுப்பை நாம் ஊத வேண்டும். நேற்றைய நம்மோடு இன்றைய நம்மை ஒப்பிடுவதே ஆராய்ச்சி. பிறரோடு ஒப்பிட்டால் அது ஒன்று செருக்கில் முடியும், அன்றி ஏக்கத்தில் முடியும்.

இனி, செயல்முறையாகச் சிலவற்றைச் சொல்லி நிறைவு செய்வோம். முதலாவது, கொள்ளும் நோன்பு சிறியதாகவும் தெளிவானதாகவும் இருக்கட்டும். ‘நல்லவனாக வாழ்வேன்’ என்பதற்குக் கணக்கு எழுத முடியாது. ‘மாலையில் வீட்டுக்குள் நுழையும்போது சினந்து பேசமாட்டேன்’ என்பதற்கு எழுத முடியும். இரண்டாவது, இரவு படுக்குமுன் திருநீறு அணிந்து, ஐந்தெழுத்தை ஓதி, ‘இன்று எந்தக் கல் ஏறியது? எது ஏறவில்லை?’ என்று கேளுங்கள். இதற்குச் சில நிமிடங்களே போதும். நெடுநேரம் அமர்ந்து நம்மை நாமே நொந்துகொள்வது ஆராய்ச்சி ஆகாது. மூன்றாவது, திங்கள்தோறும் இருமுறை வரும் பிரதோடத்தில், கோயிலை வலம் வந்தபின் ஓரிடத்தில் அமர்ந்து அப்பதினைந்து நாட்களையும் சேர்த்துப் பாருங்கள். வழி பயன்படாவிட்டால் வழியை மாற்றுங்கள். நான்காவது, ஆண்டுக்கொருமுறை உங்களை நன்கறிந்த ஒருவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். குருவாயினும் ஆகலாம், நண்பராயினும் மனைவியாயினும் ஆகலாம். நம் கண்ணுக்குத் தெரியாத விரிசல் அவர் கண்ணுக்குத் தெரியும்.

ஒரு வரிசை சரிந்துவிட்டால் என்ன செய்வது? அந்த வரிசையை மட்டும் எடுத்துவிட்டு மீண்டும் அடுக்குங்கள். ஒரு நாள் குடித்துவிட்டவன், ‘எல்லாம் போயிற்று’ என்று மறுநாளும் குடிப்பது, ஒரு கல் சரிந்ததற்காகக் கோயிலையே இடிப்பதாகும். நாற்பது நாள் காத்த உறுதி நாற்பது வரிசைகளாக அங்கேயே நிற்கிறது. நாற்பத்தோராவதைத் திரும்ப வையுங்கள்.

பூசலார் தம் வாழ்நாளில் கல்லால் ஒரு கோயிலும் எடுக்கவில்லை. ஊரார் ஏட்டின்படி அவர் கணக்குச் சுழி. ஆயினும் குறித்த நாளில், குறித்த நேரத்தில், இறைவன் அங்கேயே புகுந்தான். அதன் பின்னும் அவர் ஓய்ந்துவிடவில்லை. நாள் தவறாது நெடுங்காலம் அக்கோயிலிற் பூசனை புரிந்து வந்தார் என்று புராணம் சொல்லுகிறது. முடிந்தது என்று ஏட்டை மூடிவைக்காதவருக்கே முடிந்த பணி நிலைக்கும்.

இன்றிரவு இல்லம் சென்றதும் விளக்கை அணைக்குமுன் ஒரு நொடி அமருங்கள். உங்கள் கோயிலில் இன்று எந்த வரிசை என்று பாருங்கள். அடுத்த ஐப்பசி அனுடத்தில், இறைவன் திருவருள் கூட்டினால், மீண்டும் இவ்விடத்திற் சந்திப்போம். அப்போது நீங்கள் எம்மைக் கேட்கலாம். யாமும் விடை சொல்லக் கடமைப்பட்டவர்களே.

எல்லாம் வல்ல இறைவன் திருவருள் இவ்வூரார் அனைவர்க்கும் ஆகுக.

திருச்சிற்றம்பலம்.